குடும்ப ஏடு: பாட்டனார் எதற்குக் கை உயர்த்தினார்?

ராஸ்தா பேட்டையில் வாழும் அன்பர் ஒருவர் நமக்குக் கடிதம் விடுத்திருக்கிறார். அவருடைய இல்லத்துக் கூடத்தில், தலைப்பாகையும் நீண்ட அங்கியும் அணிந்த பெரியவர் ஒருவரின் படம் மாட்டப்பட்டிருக்கிறது. அவர் அன்பரின் கொள்ளுப்பாட்டனார். வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் இவ்வூர் நகரசபையில் அங்கத்தினராக வீற்றிருந்தவர் என்பது அக்குடும்பத்தில் வழிவழியாக வரும் செய்தி. சென்ற பொங்கலன்று அன்பரின் பேத்தி அப்படத்தைச் சுட்டிக் காட்டி, “தாத்தா, இவர் நகரசபையில் என்ன செய்தார்?” என்று வினவினாளாம். கூடியிருந்தோரில் விடை கூற ஒருவராலும் இயலவில்லை. அவர் வரலாற்றை எங்ஙனம் தேடிக் கண்டறிவது என்று கேட்கிறார் அன்பர்.

பெரியவர் பதவியில் இருந்தார் என்பதைப் படம் சொல்லிவிட்டது. குழந்தை கேட்டதோ அதற்கு அடுத்த கேள்வி. பிழைப்பை நாடி அயலூர் வந்த நம்மவர் குடும்பங்களில் பதவியின் பெயர் நிலைத்திருக்கும். பணியின் விவரம் மறைந்துவிடும். ஆகையால் இம்மாதம் அந்தக் கேள்வியையே எடுத்துக்கொள்வோம்.

அக்காலத்தில் பூனா என வழங்கிய இந்நகரில் நகரசபை 1857-ஆம் ஆண்டில் ஏற்பட்டது. முதல் கால் நூற்றாண்டுக் காலம் அங்கத்தினர்களைச் சர்க்காரே நியமித்து வந்தது. ரிப்பன் பிரபு 1882-இல் ஸ்தல சுயாட்சி பற்றி வெளியிட்ட தீர்மானத்திற்குப் பின்னரே வரி செலுத்துவோர் வாக்களித்துப் பிரதிநிதிகளை அனுப்பும் வழி விரிவடைந்தது. எனவே, தேடப் புகுமுன் உங்கள் முன்னோர் எந்தக் காலத்தவர் என்று கணித்துக்கொள்ளுங்கள். நியமனம் பெற்றவருக்குக் கலெக்டரின் தயவு வேண்டும். தேர்தலில் வென்றவருக்குத் தெருவாரின் நம்பிக்கை வேண்டும். இரண்டும் ஒரே நாற்காலிதான். ஆயினும் அதில் அமர்ந்தவனின் மனநிலை வேறு.

நியமனம் பெற்றவர் எல்லோரும் தலையாட்டிகள் என்று எண்ணிவிடவும் கூடாது. இவ்வூரிலேயே அதற்குச் சான்று உண்டு. ஜோதிராவ் பூலே 1876 முதல் 1882 வரை இந்நகரசபையில் நியமன அங்கத்தினராக இருந்தார். 1848-இல் பெண்களுக்குப் பள்ளி திறந்தவர். 1868-இல் தம் வீட்டுக் கிணற்றைத் தீண்டாதார் எனப்பட்டோருக்குத் திறந்துவிட்டவர். கட்டட ஒப்பந்த வேலைகளும் செய்தவர். 1880-இல் வைசிராய் லிட்டன் பிரபு இவ்வூருக்கு வருவதாக இருந்தது. வரவேற்பு அலங்காரத்திற்கு 1,000 ரூபாய் செலவிடலாம் என்று நகரசபையில் யோசனை வந்தது. ஏழைகளின் கல்விக்கு அத்தொகையைச் செலவிடலாமே என்றார் பூலே. 32 நியமன அங்கத்தினரில் அத்தீர்மானத்திற்கு இசையாதவர் அவர் ஒருவரே. அதே ஆண்டில், ஊருக்குள் மதுக்கடைகள் பெருகுவதை எதிர்த்தும் நகரசபைக்கு எழுதினார்.

காய்கறிச் சந்தைக்குப் பெரும் பொருட்செலவில் மாளிகை எழுப்பும் யோசனையையும் அவர் எதிர்த்தார். ஆயினும் மாளிகை எழுந்தது. 1886-இல் திறக்கப்பட்டு, அப்போது பம்பாய் கவர்னராயிருந்த ரே பிரபுவின் பெயரைத் தாங்கிற்று. பிற்காலத்தில், மராத்தி எழுத்தாளர் ஆசார்ய ஆத்ரே நகரசபையில் இருந்தபோது, அதற்கு மகாத்மா பூலே மண்டை என்ற பெயர் வாய்த்தது. நாம் கத்தரிக்காயும் முருங்கைக்காயும் வாங்கும் அச்சந்தை, ‘வேண்டாம்’ என்று சொன்னவரின் பெயரால் வழங்குகிறது! பெயர்ப் பலகையை மட்டும் படிப்பவன் அவரே அதைக் கட்டுவித்தார் என்று நினைப்பான். ஏட்டைப் புரட்டியவனுக்கே உண்மை விளங்கும். நம் வீட்டுக் கூடத்துப் படங்களுக்கும் இது பொருந்தும்.

நம் தாயகத்திலும் ஓர் உதாரணம் காணலாம். பி. தியாகராய செட்டியார் தலைமையிலிருந்த சென்னை நகரசபை, 1920-இல், ஆயிரம் விளக்குப் பகுதியிலுள்ள தன் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பகலுணவு அளிக்கத் தீர்மானித்தது. பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேற்படலாகாது என்பது கணக்கு. அவ்வோரணாவின் வரலாறு இன்றும் நமக்குத் தெரிவது, யாரோ ஒரு குமாஸ்தா அதனைக் கூட்டக் குறிப்பில் எழுதி வைத்ததனால் அல்லவா?

இனி, தேடும் வழியைச் சொல்லுகிறோம்.

முதலாவது, பெரியவர் எந்தச் சபையில் இருந்தார் என்று தெளிவாக்கிக் கொள்க. நகரம் வேறு, கண்டோன்மென்ட் வேறு. புனே கண்டோன்மென்டும் கிர்க்கி கண்டோன்மென்டும் படைத்துறையைச் சார்ந்து தனி நிர்வாகம் உடையவை. பட்டாளத்தையும் அதன் கணக்கு அலுவலகங்களையும் பின்பற்றி வந்த நம்மவர் பலர் குடியேறியது கண்டோன்மென்ட் பக்கமே. வீட்டார் ‘முனிசிபாலிட்டி’ என்று சொல்லி வந்தது அங்குள்ள கமிட்டியாகவும் இருக்கலாம். அதோடு நகரசபையும் புறநகர்ச் சபையும் இணைந்து மாநகராட்சியானது 1950-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ஆம் நாள் என்பதையும் நினைவிற் கொள்க. தவறான வாசலில் நின்று ஓராண்டு கதவைத் தட்டினாலும் பயன் இராது.

இரண்டாவது, பெயர். வெள்ளைக்கார குமாஸ்தாவின் காதில் முதலியார் என்பது ஒரு நாள் முத்லியார், மறுநாள் மூடலியார். பிள்ளை என்பதும் அவ்வாறே திரிந்தது. தகப்பனார் பெயரின் முதலெழுத்தைத் தமிழர் முன்னே வைக்க, மராத்தி வழக்கம் அதனை முழுப்பெயராக நடுவில் வைக்கும். ஆகவே ஒரே மனிதரை ஐந்தாறு பெயர்களில் தேட ஆயத்தமாக இருங்கள்.

மூன்றாவது, ஏடுகள். 1885-இல் வெளிவந்த பம்பாய் மாகாணக் கெசட்டியரில் பூனா ஜில்லாவுக்கு மட்டும் மூன்று பகுதிகள் உள. அக்கால நகரசபை, வரி, தண்ணீர், சாக்கடை ஆகியவற்றின் நிலையை அங்கே காணலாம். நியமனங்களையும் பட்டங்களையும் சர்க்கார் கெசட்டில் தேடுக. சர்க்காரின் கடிதப் போக்குவரத்துக்கு, மும்பையில் எல்பின்ஸ்டன் கல்லூரிக் கட்டடத்திலுள்ள மகாராஷ்டிர அரசு ஆவணக் காப்பகத்தை நாடுக. புனேயிலேயே பேஷ்வா தஃப்தர் எனப்படும் ஆவணக் காப்பகமும், 1910-இல் தோன்றிய பாரத இதிகாச சம்சோதக மண்டலமும் உள்ளன. பழைய மராத்திக் காகிதம் மோடி எழுத்தில் இருந்தால் மலைக்க வேண்டாம். அவ்வெழுத்தைப் படிக்க வல்லோர் இவ்வூரில் இன்றும் உளர்.

நான்காவது, வீட்டிலுள்ள பெட்டி. வரி ரசீது, பத்திரம், திருமண அழைப்பு, அந்நாளைய நாட்குறிப்பு எதையும் எறியாதீர். 1961-ஆம் ஆண்டு ஜூலை 12-ஆம் நாள் பான்ஷெட் அணை உடைந்து, வெள்ளம் ஆற்றோரப் பேட்டைகளுள் புகுந்தது. உயிரும் உடைமையும் போனதோடு எத்தனையோ வீடுகளின் பழங்காகிதங்களும் சேற்றோடு சேறாயின. தண்ணீர் சொல்லிக்கொண்டு வருவதில்லை. இன்றே ஒவ்வொரு தாளையும் படமெடுத்து, உறவினர் இருவரிடம் பிரதி கொடுத்து வைத்தல் நலம்.

இறுதியாக ஒன்று, சற்றுக் கடினமான செய்தி. தேடத் தொடங்குமுன் மனத்தைத் திடப்படுத்திக் கொள்ள வேண்டும். 1897-இல் இவ்வூரில் பிளேக் நோய் பரவியபோது, ராண்ட் துரையின் தலைமையில் அமைந்த கமிட்டி பட்டாளத்தாரைக் கொண்டு வீடு வீடாகச் சோதனை நடத்திற்று. ஊர் கொதித்தது, அவ்வாண்டு ஜூன் 22-இல் ராண்ட் சுடப்பட்டார். நோயுற்றோரைப் பேணிய சாவித்திரிபாய் பூலே அதே ஆண்டில் அந்நோய்க்கே இரையானார். அத்தகைய நாட்களில் நம் பெரியவர் பதவியில் இருந்திருப்பின், அவர் யார் பக்கம் பேசினார்? பேசாதிருந்தாரா? லிட்டன் பிரபுவுக்குத் தோரணம் கட்டக் கை உயர்த்திய பெரும்பான்மையோருள் ஒருவராக அவர் இருந்திருக்கவும் கூடும்.

இருந்தால் என் செய்வது? உள்ளதை உள்ளவாறே எழுதி வைக்க வேண்டும் என்பதே நம் கருத்து. அந்நிய மண்ணில் வேரூன்ற வேண்டிய ஒருவர், நாலு பேரைச் சார்ந்து வாழ்ந்தவர், அஞ்சியும் இருக்கலாம். அச்சத்தை அறிந்துகொள்வதால் நமக்கு அவர்பால் உள்ள அன்பு குறையாது. பொய்யான பெருமையைப் பேத்தியின் கையில் கொடுப்பதுதான் குறை. அவள் வளர்ந்து ஒருநாள் ஏட்டைத் தானே புரட்டினால், படத்திலிருப்பவரை மட்டுமல்ல, நம்மையும் நம்ப மறுப்பாள். மாறாக, தெருவுக்கு ஒரு விளக்கும் குடிதண்ணீர்க் குழாயும் கேட்டு அவர் கொடுத்த ஒரே ஒரு மனு கிடைத்தாலும், அது தலைப்பாகையைக் காட்டிலும் உயர்ந்த சொத்து.

ராஸ்தா பேட்டை அன்பர் தேடத் தொடங்கட்டும். கிடைப்பதை நமக்கு எழுதட்டும். இவர்போல் கூடத்தில் படமும் நெஞ்சில் கேள்வியும் உடைய குடும்பங்கள் நம் சங்கத்தில் இன்னும் பல இருக்கக் கூடும். அவர்களும் எழுதுக. ஒருவர் காப்பகத்துக்குச் செல்லும்போது மற்றவர் பெயரையும் சேர்த்துத் தேடலாம். அடுத்த பொங்கலுக்குள், அக்குழந்தைக்குக் கூற ஒரு வாக்கியமாவது நம் கையில் இருக்கட்டும்.