புளியங்கொட்டைப் பொருளாதாரம்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

"ஏக்கா, நோட்டு அடிக்கிற மிசின் கவர்மெண்டுகிட்டத்தானே இருக்குது? எல்லார்த்துக்கும் கட்டுக்கட்டா அடிச்சுக் குடுத்துட்டா ஏழைங்களே இருக்க மாட்டாங்கல்ல?"

மாலை வேளைகளில் எங்கள் வீட்டுத் திண்ணையில் தெருப்பிள்ளைகள் எட்டுப் பேருக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். இந்தக் கேள்வியைக் கேட்டவள் மூன்றாம் வகுப்புச் சிறுமி. நானோ இயற்பியல் மாணவி. பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் நூலில் மொத்த உள்நாட்டு உற்பத்தி பற்றி ஒரு பாடம் வரும். அதன் இலக்கணத்தை மனப்பாடம் செய்து, எழுதி, மதிப்பெண் வாங்கி, மறந்தும் போனேன். எனக்கும் பொருளாதாரத்துக்கும் இருந்த உறவு அவ்வளவுதான். "அதெல்லாம் பெரியவர்கள் சமாசாரம், நீ வாய்ப்பாட்டைச் சொல்லு" என்பது வாய்வரை வந்துவிட்டது. ஆனால் சொல்லவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு.

எங்கள் ஊர் தறி ஊர். அப்பா விசைத்தறி ஓட்டுகிறார். அம்மா தார் சுற்றுகிறார். சனிக்கிழமை தோறும் கூலி. 2016 நவம்பர் 8ஆம் நாள் இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது நான் ஆறாம் வகுப்பில் இருந்தேன். நாட்டில் புழங்கிய நோட்டுகளின் மதிப்பில் ஏறத்தாழ 86 விழுக்காடு அந்த இரண்டு வகை நோட்டுகளில்தான் இருந்தது என்பதைப் பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன். அந்த நடவடிக்கை சரியா தவறா என்று வாதாட நான் இங்கே வரவில்லை. பட்டறையில் பாவு இருந்தது, ஊடை நூல் இருந்தது, மின்சாரம் இருந்தது, அப்பாவின் கைகள் இருந்தன, சேலை வேண்டுமென்ற பெண்களும் நாட்டில் இருந்தார்கள். இருந்தும் தறி நின்றது. துணி எடுக்க வருகிறவர் கையில் நோட்டு இல்லை. ஆகவே கூலி கொடுக்கிறவர் கையிலும் இல்லை.

அப்பா மூன்று வாரம் கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். பள்ளிச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டக் கடைசி நாள் வந்தது. "என்கூடப் படிக்கிறவங்க அப்பாவெல்லாம் வேலைக்குப் போறாங்க, நீங்க மட்டும் ஏன் படுத்திருக்கீங்க?" என்று கேட்டுவிட்டேன். எங்கள் தெருவிலேயே பாதித் தறிகள் நின்றிருந்தன. ஆனால் பணம் கட்டிய பிள்ளைகளை மட்டுமே என் கண் எண்ணியது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கும் விடை தெரியாது என்பது இப்போது புரிகிறது.

நாட்டுக்கே வந்த இடையூறு ஒன்று உண்டு என்பதை அறியாத குழந்தை, அதைத் தன் வீட்டுக் குற்றமாக எடுத்துக்கொள்கிறது. பேரியல் பொருளாதாரத்தின் அடிப்படையை எட்டு வயதிலிருந்தே சொல்லித் தர வேண்டும் என்று நான் வாதிடுவது இதனால்தான். வங்கிப் படிவம் நிரப்பவோ, போட்டித் தேர்வில் இரண்டு மதிப்பெண் கூடுதலாகப் பெறவோ அன்று.

சரி, அந்தச் சிறுமிக்கு வருவோம். அம்மா உடைத்து வைத்திருந்த புளியங்கொட்டையில் ஆளுக்குப் பத்தைக் கொடுத்தேன். கடையில் வாங்கிய நான்கு கடலை உருண்டைகளை ஒவ்வொன்றாக ஏலம் விட்டேன். எட்டு, ஒன்பது கொட்டைக்குப் போயின. அடுத்த நாள் அதே நான்கு உருண்டை. கொட்டை மட்டும் ஆளுக்கு இருபது. விலை பதினெட்டு, பத்தொன்பது என்று ஏறிவிட்டது. "அக்கா, கொட்டைதான் சாஸ்தியாச்சு, உருண்டை சாஸ்தியாகலையே!" என்று கேள்வி கேட்டவளே விடையையும் சொல்லிவிட்டாள். மூன்றாம் நாள் ஒரு பையனுக்கு மட்டும் அறுபது கொடுத்துப் பார்த்தேன். இரண்டு உருண்டைகளை இருபத்தொன்று இருபத்தொன்றாகக் கொடுத்து அவனே தட்டிக்கொண்டு போனான். திண்ணையில் பெருஞ்சண்டை! கூடுதல் பணம் முதலில் யார் கைக்குப் போகிறது என்பதும் ஒரு கேள்வியே என்று அன்று எட்டுப் பேரும் கற்றுக்கொண்டார்கள், ஒன்பதாவதாக நானும்.

பிறகு செருமனிக் கதையைச் சொன்னேன். 1923 நவம்பரில் ஓர் அமெரிக்க டாலருக்கு 4,20,000 கோடி மார்க் கொடுக்க வேண்டியிருந்தது. சிம்பாப்வே நாடு 2009இல் வெளியிட்ட நோட்டு ஒன்றில் ஒன்றுக்குப் பின்னால் பதினான்கு சுழியங்கள். கோடியைக் கோடியால் பெருக்கினால் வருவது. பிள்ளைகள் அதைப் பலகையில் எழுதி எழுதிச் சிரித்தார்கள்.

இத்தோடு நிறுத்தியிருந்தால் நானும் பாதி உண்மையைச் சொல்லிவிட்டுக் கைகழுவியவளாகியிருப்பேன். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் விடவில்லை. "மாசம் 1000 ரூபா எங்கம்மாவுக்கு வந்துச்சே, அதனால உருண்டை விலை ஏறிருச்சா?" என்றான். 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகையைத்தான் சொல்கிறான். மாநில அரசு நோட்டு அடிக்க முடியாது, அது வரியாகவும் கடனாகவும் வாங்கிய பணம், ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறுகிறது என்றேன். "எங்கம்மா அதுல மளிகை வாங்குனாங்க" என்றான். அப்போது கடைக்காரருக்கு வரவு. அவர் சேலை எடுத்தால் உங்கள் அப்பாவுக்குத் தறி ஓடும் என்றேன். அவன் முகத்தில் ஓர் ஒளி தோன்றியது. எனக்கோ 2016 நினைவுக்கு வந்தது.

வாசிங்டன் நகரில் ஏறத்தாழ நூற்றைம்பது தம்பதியர் சேர்ந்து நடத்திய ஒரு சங்கத்தைப் பற்றி 1977இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. ஒருவர் வெளியே போகும்போது மற்றவர் குழந்தையைப் பார்த்துக்கொள்வார். அதற்குக் கூலியாகச் சீட்டு. சீட்டு குறைவாக இருந்த காலத்தில் எல்லாரும் பின்னால் உதவுமென்று பத்திரப்படுத்தினார்கள். யாரும் வெளியே போகவில்லை. ஆகவே யாருக்கும் சீட்டுச் சம்பாதிக்க வழியில்லை. கைகள் சும்மா இருந்தன. கூடுதல் சீட்டு அடித்துக் கொடுத்த பிறகே சங்கம் உயிர்பெற்றது. அளவு மீறி அடித்தபோது வேறு தொல்லை வந்தது என்பதும் உண்மை. எங்கள் தறி நின்ற கதையும் இந்தக் கதையும் ஒன்றுக்கொன்று உடன்பிறப்பு அல்லவா? ஆகவே "நோட்டு அடித்தால் விலை ஏறும்" என்பது முழு விடையன்று. உருண்டைகள் நான்கே என்றால் ஏறும். உருண்டை பிடிக்கக் கைகளும் கடலையும் வெல்லமும் சும்மா கிடந்தால், கூடுதல் கொட்டை வேலையைக் கொண்டு வரும்.

பிள்ளைகளுக்குப் பொருளாதாரம் சொல்லித் தருகிற பெரியவர்களிடம் எனக்குள்ள மனத்தாங்கல் ஒன்றே. "நாடும் ஒரு வீடுதான்; வரவுக்குள் செலவு செய்தால் போதும்" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். உண்டியல் கொடுத்துச் சேமிக்கச் சொல்கிறார்கள். சேமிப்பு நல்லதுதான், என் கல்லூரிக் கட்டணமே அம்மாவின் சீட்டுப் பணம். ஆனால் ஒரு வீடு சேலை எடுப்பதை நிறுத்தினால் அந்த வீட்டுக்கு லாபம். எல்லா வீடும் தீபாவளிக்குச் சேலை எடுக்காவிட்டால் எங்கள் ஊரே படுத்துவிடும். ஒருவர் செலவு இன்னொருவர் வரவு. 1936இல் கெயின்சு தம் பெருநூலில் விரித்துரைத்த இக்கருத்தைத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை ஒரே மாலையில் புரிந்துகொள்கிறது.

இயற்பியல் மாணவி என்பதால் இன்னொன்றையும் சொல்ல ஆசை. நியூசிலாந்தில் பிறந்த பில் பிலிப்சு என்பவர் பொறியாளர். இரண்டாம் உலகப் போரில் சப்பானியரிடம் கைதியாக இருந்துவிட்டு, இலண்டன் பொருளியல் கல்லூரிக்குச் சமூகவியல் படிக்க வந்தவர். பெற்ற தேர்ச்சியும் சுமார்தான். (நம்மில் பலருக்கு ஆறுதல்!) அவர் ஒரு வீட்டுக் கார் கொட்டகையில் தொட்டிகளையும் குழாய்களையும் பூட்டி, சாயத் தண்ணீர் ஓடும் ஓர் எந்திரத்தைச் செய்து, 1949இல் பேராசிரியர்கள் முன் ஓட்டிக் காட்டினார். தண்ணீர்தான் நாட்டு வருமானம். வரி ஒரு குழாயில் பிரியும், சேமிப்பு ஒரு குழாயில், இறக்குமதி ஒரு குழாயில்; அரசுச் செலவும் முதலீடும் ஏற்றுமதியும் வந்து சேரும். அடித்தொட்டியின் நீரைப் பம்பு மேலே ஏற்றும். வாய்க்காலும் மடையும் பார்த்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இதைவிட எளிய படம் கிடைக்குமா? நாங்கள் நான்கு பிளாசுடிக் குப்பிகளை வைத்து முயன்றோம். திண்ணை நனைந்ததுதான் மிச்சம். ஆயினும் சேமிப்புக் குழாயை அகலமாகத் திறந்து, முதலீட்டுக் குழாயை அடைத்தால் கீழ்த்தொட்டி வற்றுவதை எல்லாரும் பார்த்தார்கள். தண்ணீருக்குப் பயம் கிடையாது, மனிதருக்கு உண்டு என்பதை மட்டும் எந்தக் குப்பியாலும் காட்ட முடியவில்லை.

"வாய்ப்பாடே தெரியாத பிள்ளைக்குப் பணவீக்கமா?" என்று கேட்பவர்கள் உண்டு. ஏலத்தில் கொட்டை எண்ணியே இரண்டு பேர் ஒன்பதாம் வாய்ப்பாட்டைக் கற்றார்கள். "இது அரசியலில் கொண்டுபோய் விடும்" என்பவர்களும் உண்டு. அதை மறுக்க மாட்டேன். ஆனால் 2020 ஏப்ரல் முதல் சூன் வரையிலான காலாண்டில் நாட்டின் உற்பத்தி முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ 24 விழுக்காடு வீழ்ந்தபோது, பிள்ளைகளைக் கேட்டுக்கொண்டா அது அவர்கள் வீட்டுச் சோற்றுப் பானைக்குள் வந்தது?

நம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஏழு நாளும் சாலை பெருக்குகிறோம், மரக்கன்று நடுகிறோம். அதில் ஒரு மாலையை இந்த ஏலத்துக்கு ஒதுக்கித் தருமாறு திட்ட அலுவலரை வேண்டிக்கொள்கிறேன். புளியங்கொட்டைக்குச் செலவில்லை, உருண்டைக்கு மட்டும் ஏதாவது ஏற்பாடு செய்ய வேண்டும்.

பொருளியல் துறைப் பேராசிரியப் பெருமக்களிடம் ஒரு விண்ணப்பமும் உண்டு. நோட்டு எவ்வளவு புழங்கலாம் என்பதை ரிசர்வ் வங்கி பார்த்துக்கொள்கிறது என்று அந்த மூன்றாம் வகுப்புச் சிறுமியிடம் சொன்னேன். "நம்ம ஊர்ல எத்தனை தறி நிக்குதுன்னு அவங்களுக்கு யாருக்கா சொல்லுவாங்க?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. கல்லூரியில் கேட்டு வந்து சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமைக்குள் வேண்டும்.