ரெஸின் பிசுபிசுப்பு

நம்மவர் இல்லங்களில் ரெஸின் கைவேலை சில ஆண்டுகளாகப் பெரிதும் பரவியுள்ளது. பூஜைத் தட்டு, கோலப் பலகை, வாசற் பெயர்ப் பலகை என்று பெண்மணிகள் அழகுறச் செய்து, சிறிது வருமானமும் காண்கின்றனர். ஆயினும் தில்லியிலும் மும்பையிலும் நம்மில் பலருக்கு வாய்ப்பது சிறிய வீடே. வேலை செய்யும் மேஜையில்தான் இரவு உணவும் பரிமாறப்படுகிறது. ஆதலால் ஒட்டியதை அகற்றுவது அழகைப் பொறுத்த காரியம் மட்டுமன்று.

எபாக்ஸி ரெஸினும் அதனை இறுகச் செய்யும் திரவமும் குறித்த அளவில் கலந்தால்தான் கெட்டிப்படும். கெட்டிப்படுமுன் சிந்தியதை முதலில் காகிதத்தால் ஒற்றி எடுக்க வேண்டும்; பிறகே ஐஸோப்ரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணி. ஒற்றாமல் ஸ்பிரிட்டை ஊற்றுவோர் ஒரு சொட்டை மேஜை முழுவதும் மெழுகியவராவர்! அது எளிதில் தீப்பற்றக்கூடியது. அடுப்பு எரியும் இடத்தில் கூடவே கூடாது. சிலிக்கோன் கிண்ணங்களைத் துடைக்கவே வேண்டாம். மறுநாள் கெட்டிப்பட்டதும் தோல்போல் உரிந்து வரும். கத்தரிக்கோலில் இறுகிவிட்டதற்கோ ஸ்பிரிட் பயன்படாது. வெந்நீரில் சற்று இளக்கிச் சுரண்ட வேண்டியதுதான்.

"சென்னையில் அக்காள் செய்தபடியே செய்தேன், மூன்று நாளாகியும் ஒட்டுகிறதே" என்று தில்லிச் சகோதரிகள் குறைப்படுவதுண்டு. ஜனவரி இரவுகளில் அங்கே உஷ்ணம் 10 டிகிரிக்கும் கீழே இறங்குகிறது. ரெஸினுக்கோ பெரும்பாலும் 20 டிகிரிக்கு மேல் வேண்டும். அளவு சரியாயிருந்தால் வெதுவெதுப்பான அறையில் வைத்துப் பொறுத்திருக்கலாம். விரைவில் இறுகட்டும் என்று இரண்டாம் திரவத்தை அதிகம் சேர்ப்பது வீண் யோசனை. அளவு பிசகிய கலவை என்றுமே முழுதும் இறுகாது. சுரண்டி எறிய வேண்டியதே.

மும்பை மழைக்காலத்தில் வருவது வேறு வகை. இறுகிய பலகையின் மீது எண்ணெய் தடவினாற்போல் ஒரு படலம் தோன்றும். காற்றின் ஈரமும் கரியமில வாயுவும் இரண்டாம் திரவத்தோடு கூடுவதால் விளைவது அது. வெதுவெதுப்பான நீரும் சிறிது சோப்பும் போதும், போய்விடும். ஸ்பிரிட் கொண்டு தேய்த்தால் அது இடம் மாறுமே தவிர நீங்காது.

கையில் பட்டதைப் பற்றி நாம் சற்றுக் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஸ்பிரிட்டையோ அஸிடோனையோ தோலில் தேய்க்கலாகாது. அவை தோலின் இயற்கை எண்ணெயை அகற்றி ரெஸினை உள்ளே செலுத்திவிடும். சோப்பும் நீருமே உகந்தவை. பலாப்பழம் நறுக்கிய கைக்குச் செய்வதுபோல் முதலில் சிறிது எண்ணெய் தடவிக் கழுவுவதிலும் தவறில்லை. ஆனால் அந்த எண்ணெய் அச்சில் பட்டால் அடுத்த வார்ப்பு குழிகுழியாகும். ஒருமுறை தோல் ஒவ்வாமை கொண்டுவிட்டால் பின்னர் மிகச் சிறிதளவு பட்டாலும் அரிப்பும் தடிப்பும் காணும். அத்துடன் அக்கைத்தொழிலையே விட நேரும். நைட்ரைல் கையுறையின் விலை இதற்கு முன் பெரிதா?

எஞ்சிய கலவையைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். கிண்ணத்தில் நிறைய இருந்தால் தானே சூடேறிப் புகையும். அகன்ற தட்டில் மெல்லிதாகப் பரப்பி, கெட்டிப்பட்டபின் குப்பையில் சேர்க்கலாம்.