மானியம் உறுதிக்கா, உழவனுக்கா?

நெற்செய்கைக்கு உர மானியம் வழங்குவது 1962 தொட்டு இந்நாட்டு அரசாங்கங்களின் வழக்கம். ஆட்சிகள் மாறின, மானியத்தின் கோலமும் மாறிற்று. 2005 இன் பின் 50 கிலோ மூடை 350 ரூபாவுக்கு வந்தது. 2016 இல் மூடை போய்ப் பணம் வந்தது. 2018 இல் பணம் போய் மீண்டும் மூடை வந்தது. 2021 இல் இரசாயன உரத்துக்கே தடை விதித்து, பயிர் மஞ்சளித்த பின்னர் அவ்வாண்டு நவம்பரில் தடையை விலக்கினார்கள். அந்த அறிவீனத்தைப் பற்றி எல்லோரும் எழுதி ஓய்ந்துவிட்டனர். 2024 இல், ஹெக்டேயருக்கு 15,000 ரூபாவாக இருந்த கொடுப்பனவு 25,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. இரண்டு ஹெக்டேயருக்கு மேல் இல்லை. அதாவது ஏக்கருக்கு ஏறக்குறைய 10,000 ரூபா.

இத்தொகை போதுமா என்று கொழும்பைக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் அதற்கு முன் நம்மவரையே நோக்கிக் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு. அந்தப் பணம் எவர் கைக்குப் போய்ச் சேருகிறது?

கிளிநொச்சியை எடுத்துக்கொள்வோம். இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் உள்ளவரெல்லாம் சேற்றில் கால் வைப்பவரல்லர். உறுதி யாழ்ப்பாணத்து அலுமாரியில் இருக்கிறது. சிலருடையது இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கிறது. வயலில் நிற்பவன் குத்தகைக்காரன். விதைநெல், உழவுக்கூலி, களைநாசினி எல்லாம் அவன் பட்ட கடன். 2024 நவம்பர் இறுதியில் வெள்ளம் வந்தபோது மூழ்கியது அவன் பயிர், உறுதி நனையவில்லை. ஆயினும், கமநல சேவை நிலையத்து இடாப்பில் காணிக்காரரின் பெயர் இருந்தால், மானியமும் அப்பெயரைத் தேடியே போகும். குத்தகையோ வெறும் வாய்ப்பேச்சு. எழுதிக் கொடுத்தால் நாளை உரிமை கொண்டாடுவான் என்ற அச்சம் காணிக்காரருக்கு!

இவ்வச்சம் இன்று பிறந்ததன்று. 1958 இல் பிலிப் குணவர்த்தன நெற்காணிச் சட்டத்தைக் கொண்டுவந்து குத்தகைக்காரனுக்குப் பாதுகாப்பளிக்க முயன்றபோது, காணிக்காரர் பலர் அவனைக் குத்தகைக்காரனென்று ஒப்பவே மறுத்து, கூலியாளென்று சாதித்தனர். சிலர் வெளியேற்றியும் விட்டனர். சட்டம் வந்தது, காகிதம் இல்லாதவனுக்கு அது எட்டவில்லை.

“மானியம் எம் பெயரில் வந்தாலென்ன, குத்தகையிற் கழித்துக்கொள்கிறோமே” என்பர் சிலர். உண்மையாகக் கழிக்கும் நல்லவர் உண்டு, அவர்களை வணங்குகிறோம். மானியம் உயர்ந்தவுடன் குத்தகையையும் உயர்த்தியவரை என்னென்று சொல்வது?

குத்தகைக்காரனாவது அடுத்த வயலைத் தேடிப் போகலாம். அனுமதிப்பத்திரம் கணவன் பெயரிலிருக்க, அக்கணவன் 2009 இல் காணாமற்போயிருக்க, அதே வயலைத் தானே விதைத்து அறுக்கும் பெண் எங்கே போவாள்? இறப்புச் சான்றிதழ் கேட்டால் அவள் எதைக் காட்டுவாள்? காணாமற்போனமைச் சான்றிதழுக்கு 2016 இல் சட்டம் வந்தது. அதைப் பெறுவதே தன் நம்பிக்கையைக் கைவிடுவதாகும் என்று அஞ்சுகிறவளை, உர மானியத்துக்காக அப்படியொரு முடிவுக்குத் தள்ளுவது எந்த நியாயம்?

பரிகாரம் அரிதன்று. போகந்தோறும் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடக்கிறது. எந்தத் துண்டை எவர் விதைக்கிறார் என்பது ஊருக்குத் தெரியும். கமக்காரர் அமைப்புக்கும் தெரியும். அதை அப்போகத்துக்கு மட்டும் எழுதி, எழுதியபடி பணத்தை விதைப்புக்கு முன்னரே செலுத்தட்டும். யூரியா இடும் காலம் கடந்தபின் வரும் பணம் கடைக்காரனின் வட்டிக்கே உதவும். அப்பதிவு போகப் பதிவேயன்றி உரிமைப் பதிவன்று எனச் சுற்றறிக்கையிலே திட்டமாய்ச் சொல்லிவிட்டால், காணிக்காரருக்கும் பயமில்லை.

அரசாங்கம் அதைச் செய்யும்வரை காத்திருக்க வேண்டியதுமில்லை. இப்பத்திரிகையைப் படிக்கும் வைத்தியரும் வழக்கறிஞரும் பொறியியலாளரும் ஆசிரியரும் தத்தம் வயலைச் செய்பவனுக்கு ஒரு போகத்துக் குத்தகைச் சீட்டை எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுக்கலாம். ஒரு தாள் போதும். பெரும்போக விதைப்பு ஐப்பசியில். புரட்டாதிக்குள் எத்தனை பேர் கொடுப்பீர்கள்?