அளவுகோலை மாற்றிவிட்டு வளர்ச்சியை அளப்பவர்கள்

அமெரிக்காவில் எட்டு வயதுக் குழந்தைகளில் ஆட்டிசம் 2000இல் 150க்கு ஒருவர்; 2022இல் 31க்கு ஒருவர்; ஆகவே தடுப்பூசி போலப் புதிதாக ஏதோ ஒன்று குழந்தைகளைத் தாக்குகிறது என்கிறார்கள். எண்கள் சரி. அந்த ‘ஆகவே’தான் இடிக்கிறது.

ஒன்று: அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 1980ஆம் ஆண்டுக் கையேடு, 30 மாதத்துக்குள் தொடக்கம், பிறர்மீது ஏறக்குறைய முழு ஈடுபாடின்மை, மொழி வளர்ச்சியில் பெருங்குறை என எல்லாவற்றையும் ஆட்டிசத்துக்கு நிபந்தனையாகக் கேட்டது. சரளமாகப் பேசி வகுப்பில் தேறிய பிள்ளை இந்த வாசலில் நுழைந்திருக்குமா? 1994இல் ஆஸ்பெர்கர் நோய்க்குறியைச் சேர்த்தார்கள், நுழைந்தது. 2013இல் எல்லா வகைகளும் ஒரே ‘ஆட்டிச நிறமாலை’ ஆயின. (அப்போது சில விதிகள் இறுகவும் செய்தன. ‘தளர்த்திக்கொண்டே போனார்கள்’ என்பதும் அரைகுறைதான்.)

இரண்டு: 1990இல் அமெரிக்கச் சிறப்புக் கல்விச் சட்டம் ஆட்டிசத்தைத் தனி வகையாக்கியது. அறிவுத்திறன் குறைபாடு என்ற பட்டியலிலிருந்து பலர் இங்கே மாறினர். அங்கே எண்ணிக்கை குறைந்ததை ஏன் எவரும் பேசுவதில்லை?

மூன்று: டென்மார்க்கில் 1980–91இல் பிறந்தவர்களை ஆராய்ந்ததில், அதிகரிப்பில் சுமார் 60 விழுக்காடு வரையறை மாற்றத்தாலும் பதிவுமுறை மாற்றத்தாலும் வந்தது என்று தெரிந்தது.

மீதி 40? தாராளமாக ஆராயுங்கள். ஆனால் 60ஐக் கழிக்காமல் தடுப்பூசியைக் கூண்டில் ஏற்றுவது எந்த ஊர்க் கணக்கு?