கொடுத்தவர்கள் யார்?

போர் என்று வந்துவிட்டால் கோடீஸ்வரர்கள் தங்கள் உல்லாசக் கப்பல்களைக் கடற்படைக்குத் தாரை வார்த்தார்கள் என்று ஒரு கதை உண்டு. அமெரிக்காவில் அது இன்றும் பெருமையோடு சொல்லப்படுகிறது. கேட்க இதமான கதைதான். ஆனால், தியாகத்தை அது தவறான ஆட்களின் கணக்கில் வரவு வைக்கிறது.

1898-இல் ஸ்பெயினோடு போர் மூண்டபோது, வங்கி முதலாளி ஜே.பி. மார்கனின் 'கோர்சேர்' கடற்படைக்குப் போனது தானமாக அல்ல. 2,25,000 டாலர் விலைக்கு. அதே பெயரில் இன்னும் பெரிய கப்பலை மார்கன் கட்டிக்கொண்டார். பழையதோ 'குளோஸ்டர்' ஆகி, சிறு பீரங்கிகளோடு, ஜூலை 3 அன்று சாண்டியாகோ துறைமுகத்துக்கு வெளியே இரண்டு ஸ்பானிய நாசகாரிக் கப்பல்களை நெருங்கிப்போய்த் தாக்கியது. கவசமே இல்லாத கப்பல் அது. மார்கனின் பெயர் நினைவில் நிற்கிறது. அந்தக் கப்பலை நடத்திய ரிச்சர்ட் வெய்ன்ரைட்டை எத்தனை பேருக்குத் தெரியும்?

கனடாவின் கதை இன்னும் தெளிவானது. 1940-இல் அமெரிக்கா நடுநிலை நாடு. போரிடும் நாட்டுக்குக் கப்பல் விற்கச் சட்டம் குறுக்கே நின்றது. ஆகவே கனடாவின் படகுப் பிரியர்கள் சிலர், தங்கள் சொந்த உபயோகத்துக்கு என்பதுபோலப் போய் விலை பேசினார்கள். இப்படி 14 கப்பல்கள் கனடாவின் கடற்படைக்கு வந்து சேர்ந்தன. கைக்குக் கை காசு. வள்ளல்தனம் எங்கே வந்தது?

அவற்றில் ஒன்றான 'ஹலோனியா', 'ரக்கூன்' என்ற பெயரில் செயின்ட் லாரன்ஸ் ஆற்றுமுகத்தில் சரக்குக் கப்பல்களுக்குக் காவல் போனது. 1942 செப்டம்பர் 7, விடியாத இருட்டு. வெடிச்சத்தம் கேட்டபோது, நீர்மூழ்கியைக் குறிவைத்து ரக்கூன்தான் குண்டு போடுகிறது என்று உடன் சென்ற கப்பல்கள் எண்ணின. உண்மையில் டார்பிடோ தாக்கியது ரக்கூனைத்தான். அதிலிருந்த 37 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. சில வாரம் கழித்து ஓர் அதிகாரியின் உடல் மட்டும் அண்டிகோஸ்டித் தீவில் கரை ஒதுங்கியது.

உண்மையாகவே கொடுத்தவர்களும் இருந்தார்கள். கோடீஸ்வரி மார்ஜரி போஸ்ட் குடும்பத்தின் 'சீ கிளவுட்' ஆண்டுக்கு ஒரு டாலர் வாடகைக்குப் போனது. அந்த நல்ல மனதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கப்பலின் பெருமை வாடகையில் இல்லை. கறுப்பின மாலுமிகளைச் சமையலறையோடு நிறுத்தி வைத்திருந்த காலத்தில், கப்பல் தலைவர் கார்ல்டன் ஸ்கின்னர் அதில் இரு இனத்தாரையும் சமமாக வேலை வாங்கிக் காட்டினார். பிறகு கப்பல் பத்திரமாக உரிமையாளரிடம் திரும்பியது.

'சித்தேரா' திரும்பவில்லை. 1907-இல் கட்டிய அந்தக் கப்பல் முதல் உலகப் போரில் உழைத்து, உரிமையாளர் வீட்டுக்குப் போய், இரண்டாம் உலகப் போருக்கு மறுபடி அழைக்கப்பட்டது. காரணம் எந்தச் சீமானின் தேசபக்தியும் அல்ல. 1942 தொடக்கத்தில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் அமெரிக்கக் கரையோரத்தில் வேட்டையாடியபோது, தடுக்கப் போதிய காவல் கப்பல்களை வாஷிங்டன் தயாராக வைத்திருக்கவில்லை. அந்த ஓட்டையை 35 வயது உல்லாசக் கப்பலைக் கொண்டு அடைத்தார்கள். மே 2 அன்று வட கரோலினாவுக்கு அப்பால் யூ-402 என்ற நீர்மூழ்கி அதை மூழ்கடித்தது. 71 பேரில் 69 பேர் மாண்டார்கள். மிஞ்சிய இருவரைத் தூக்கிவிட்டது, அவர்களைத் தாக்கிய அதே நீர்மூழ்கிதான். போர்க்கைதிகளாக ஜெர்மனிக்குப் போனார்கள்.