மலையே இல்லாத தீவுக்கு மலை சைக்கிள் எதற்கு?

பாம்பன் தீவின் மிக உயரமான இடம் கந்தமாதன பர்வதம். பெயரில்தான் பர்வதம்! நேரில் போய்ப் பார்த்தால் மேலே ஒரு மண்டபம் இருக்கிற மணல் மேடு, அவ்வளவுதான். மற்றபடி பாம்பனில் தொடங்கி தங்கச்சிமடம் வழியாக ராமேஸ்வரம் வரைக்கும், அங்கிருந்து தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனை வரைக்கும் தரை தட்டையாகக் கிடக்கிறது. ஏற்றம் என்று ஒன்றைத் தேடினால் பாம்பன் சாலைப் பாலத்தின் நடுப்பகுதிதான் மிஞ்சும்.

இந்தத் தீவில் ஒரு பையன் வீட்டில் சைக்கிள் கேட்டால் என்ன சைக்கிள் கேட்கிறான்? மலை சைக்கிள்! 21 கியர் வேண்டும், முன்னால் ஷாக் வேண்டும், இரண்டு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் வேண்டும், டயரில் குமிழ் குமிழாக பட்டன் வேண்டும். முழு சைக்கிள் வாங்கக் காசு இல்லாதவன் பழைய பிரேம் ஒன்றைப் பிடித்து, பாகம் பாகமாக வாங்கிச் சேர்க்கிறான். அவன் கையில் இருக்கும் பட்டியலும் அதே பட்டியல்தான். எங்கோ மலைப் பாதையில் பறக்கிற வீடியோவைப் பார்த்து எழுதிய பட்டியல்.

ஆசைப்படுவது தப்பா என்று கேட்கலாம். ஆசையில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அந்தக் காசு எப்போது, எங்கிருந்து வருகிறது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடக்கும். பள்ளிக்கூடமும் கல்லூரியும் திறப்பது அதே ஜூன் மாதம். இரண்டு மாதம் தொழிலில்லாமல் இருந்த வீட்டில் ஃபீஸ், நோட்டு, யூனிஃபார்ம் எல்லாம் போக, மிச்சத்தில் அல்லது கடனில் வாங்குவதுதான் அந்த சைக்கிள். அது இரண்டாவது வருடமே துருப்பிடித்து இறுகிப்போய் சுவரில் சாய்ந்து கிடந்தால் அதற்கு என்ன பெயர்? ஸ்டைலா?

மலை சைக்கிள் பிறந்த கதை

மலை சைக்கிள் என்பது ஒரு கம்பெனி உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்த சமாச்சாரம் இல்லை. 1970களில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் மரின் கவுன்ட்டி பகுதியில் சில இளைஞர்கள் பழைய பலூன் டயர் சைக்கிள்களை மலை மேல் ஏற்றி, மண் பாதையில் கீழே ஓட்டிப் பந்தயம் விட்டார்கள். 1976ல் அந்தப் பந்தயம் ஆரம்பம். பாதையின் பெயர் ரீபேக். மூன்று கிலோமீட்டர் சொச்சத்தில் ஏறக்குறைய 400 மீட்டர் இறக்கம்! ஒருமுறை இறங்கினாலே பின் சக்கர ஹப்புக்குள் இருக்கிற பிரேக் சூடாகி, உள்ளே இருக்கும் கிரீஸ் புகைந்து போய்விடும். மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். அந்த "மறுபடி அடைப்பது"தான் பாதைக்கே பெயராகிவிட்டது.

பிரேக் எரிந்தது, அதனால் பிரேக்கை மாற்றினார்கள். மோட்டார் சைக்கிளின் பிரேக் லீவரை எடுத்துப் பொருத்தினார்கள். ஏறும்போது தள்ளிக்கொண்டு போக வேண்டியிருந்தது, அதனால் கியர் மாட்டினார்கள். பழைய பிரேம்கள் உடைந்தன, அதனால் 1977ல் ஜோ பிரீஸ் இதற்கென்றே புது பிரேம் கட்டினார். ஷாக் வைத்த ஃபோர்க் பரவலாக வந்ததெல்லாம் 1990 வாக்கில்தான்.

ஆக, அவர்கள் செய்தது ஒன்றே ஒன்று. தங்கள் ஊர் சைக்கிளை எங்கே உடைக்கிறது என்று பார்த்து, அந்த இடத்தில் நல்ல பாகத்தைப் போட்டார்கள். தங்கச்சிமடத்தில் இருந்துகொண்டு அவர்கள் பாகங்களை மட்டும் காப்பியடிப்பது, பக்கத்து பெஞ்சுக்காரனின் கேள்வித்தாள் வேறு என்று தெரியாமல் விடையைப் பார்த்து எழுதுகிற மாதிரி!

இங்கே எதிரி யார்?

நான்கு பேர். உப்பு, மணல், காற்று, முள். மலை அந்தப் பட்டியலிலேயே இல்லை.

முதல் எதிரி உப்பு. மழையே பெய்யாவிட்டாலும் இந்தத் தீவில் சைக்கிள் நனைகிறது. காற்றில் வருகிற உப்புத் துகள் இரும்பில் படிகிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்து உப்புநீராகிவிடும். அதாவது திண்ணையில் சாத்தி வைத்த சைக்கிள் ராத்திரி முழுக்க உப்புநீரில் ஊறுகிறது. காரைக்குடி சிக்ரி ஆய்வகத்துக்காரர்கள் மண்டபம் கடலோரத்தில் உலோகத் துண்டுகளைக் காற்றில் வைத்து அரிப்பை அளந்தது சும்மா இல்லை.

இரண்டாவது மணல். எண்ணெய் போட்ட செயினில் மணல் ஒட்டினால் அது உப்புத்தாள் போலப் பல்லைத் தேய்க்கும். மூன்றாவது காற்று. கச்சான் அடிக்கிற மாதங்களில் எதிர்க்காற்றில் பாம்பன் பாலத்தைக் கடந்தவனுக்குத் தெரியும், மலை என்பது நின்றுகொண்டுதான் இருக்க வேண்டும் என்பதில்லை, அடித்துக்கொண்டும் இருக்கலாம் என்று. நான்காவது சீமைக் கருவேல முள். ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை.

பாகம் பாகமாக

1. ஃபோர்க்: விலை குறைந்த சைக்கிளில் வருகிற ஷாக், குரோம் பூச்சு போட்ட இரும்புக் குழாய், உள்ளே இரும்பு ஸ்பிரிங். பூச்சில் ஒரு புள்ளி உப்பு துளைத்தால் போதும். துரு ஏறி, மேலும் கீழும் அசையாமல் இறுகிவிடும். அப்புறம் அது சாதாரண ஃபோர்க்தான், ஒரு கிலோவுக்கு மேல் எடை கூடிய சாதாரண ஃபோர்க்! முதலிலேயே ஷாக் இல்லாத ஃபோர்க் போட்டால் காசும் மிச்சம், எடையும் மிச்சம். குலுக்கலைத் தாங்குகிற வேலையை அகலமான டயர் செய்துவிடும்.

2. டயர்: 26 அங்குல சக்கரத்துக்கு 2 அங்குலத்துக்குக் குறையாத அகலம், பட்டன் இல்லாத வழுவழுப்பான டயர். பட்டன் டயர் ஈர மண்ணையும் வேரையும் கவ்வுவதற்கு. உலர்ந்த மணலில் அது குழி தோண்டும், தார்ச்சாலையில் உறுமிக்கொண்டு வேகத்தைத் தின்னும். மணலுக்குள் போக வேண்டுமென்றால் காற்றைக் குறைத்தால் அகலமான டயர் மேலேயே மிதக்கும். முள்ளுக்கு, பழைய டியூபை நீளமாக வெட்டி டயருக்கும் புது டியூபுக்கும் நடுவில் பட்டையாக வைப்பது. செலவு ஏறக்குறைய பூஜ்யம்.

3. கியர்: முன்னால் 24, 34, 42 பல். பின்னால் 14 முதல் 28 வரை ஏழு. 3x7=21. பெருக்கல் சரிதான். ஆனால் முன்னால் 42, பின்னால் 28 போட்டால் பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரம் ஒன்றரை சுற்று. முன்னால் 24, பின்னால் 16 போட்டாலும் அதே ஒன்றரை சுற்றுதான்! இப்படி 21ல் பல கியர்கள் ஒன்றுக்கொன்று இரட்டைப் பிள்ளைகள். எல்லாவற்றிலும் சின்ன கியரில் நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு ஆறு கிலோமீட்டர் சொச்சம். வேகமாக நடக்கிறவர் பக்கத்திலேயே பேசிக்கொண்டு வருவார். அந்த கியருக்கு இங்கே என்ன வேலை? முன்னால் 36 பல்லில் ஒரே ஒரு சக்கரம், பின்னால் அதே ஏழு. 60 சுற்றுக்கு 9.5 முதல் 19 கிலோமீட்டர் வேகம் வரை கிடைக்கும். எதிர்க்காற்றுக்குக் கீழே உள்ளது, பின்காற்றுக்கு மேலே உள்ளது. முன் டிரெய்லர், அதன் கேபிள், அதன் லீவர் எல்லாம் மிச்சம். துருப்பிடிக்க மூன்று பொருள் குறைவு! ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறவருக்கு இதுவும் வேண்டாம். ஒற்றை கியர், அதன்மேல் முழு செயின் கவர். மணலுக்கு அதைவிட நல்ல மருந்து கிடையாது.

4. பிரேக்: இங்கே எதிர்த் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. ரிம்மைப் பிடிக்கிற பிரேக்கில் மணல் சிக்கினால் ரிம் தேயும், டிஸ்க்கில் அந்தத் தொல்லை இல்லை. உண்மை. ஆனால் விலை குறைந்த டிஸ்க்கில் தகடு ஸ்டீல் என்றாலும், அதைப் பிடிக்கிற காலிப்பருக்குள் இருக்கும் ஸ்பிரிங்கும் திருகும் சாதா இரும்பு. இறுகினால் தெருவோரக் கடையில் சரி செய்வது கஷ்டம். வி-பிரேக்கின் கட்டையை எந்த சைக்கிள் கடையிலும் ஐந்து நிமிடத்தில் மாற்றலாம். தட்டைத் தரையில் அது தாராளமாகப் போதும். கேபிள் மட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும்.

5. கம்பியும் ரிம்மும்: யாரும் கேட்காத பாகம் இதுதான், முதலில் கேட்க வேண்டியதும் இதுதான். ரிம் அலுமினியம், கம்பிகள் ஸ்டெயின்லெஸ், சக்கரத்துக்கு 36. துத்தநாகப் பூச்சு போட்ட கம்பி முதலில் மங்கும், பிறகு துருப்பிடிக்கும், பிறகு நிப்பிள் திரும்பாது, கோட்டம் எடுக்க முடியாது, கடைசியில் ஒவ்வொன்றாக உடையும். வாங்கும்போது ஒரு காந்தம் கொண்டுபோனால் போதும். பூச்சுக் கம்பியில் பச்சென்று ஒட்டும். ஸ்டெயின்லெஸ்ஸில் லேசாக ஒட்டினால் பெரிது.

6. பிரேம்: அலுமினியம் செந்துரு பிடிக்காது. ஆனால் இரும்பு போல்ட்டு அலுமினியத்தைத் தொடுகிற இடத்தில் உப்புநீர் சேர்ந்தால் அங்கே வெள்ளை மாவு போல அரிக்கும். சீட் கம்பி பிரேமோடு ஒட்டிக்கொள்ளும். தொடுகிற எல்லா இடத்திலும் கிரீஸ் தடவித்தான் பூட்ட வேண்டும். படகு எஞ்சினுக்குக் கிரீஸ் விற்கிற ஊரில் இது ஒரு பிரச்சினையா? இரும்பு பிரேம்தான் கிடைக்கிறது என்றால் அதுவும் மோசமில்லை. உடைந்தால் உள்ளூரிலேயே வெல்டிங் வைக்கலாம். குழாய்க்குள் எண்ணெய் விட்டு, கீழே தண்ணீர் வடிய ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் பல வருடம் ஓடும்.

7. மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு: மலை சைக்கிள்காரர்கள் முதல் நாளே கழற்றி எறிகிற மூன்று பொருள். மட்கார்டு இல்லாத சைக்கிள் நனைந்த மணலை நேராக செயினுக்கு வாரி இறைக்கிறது. கேரியர் இல்லாத சைக்கிளில் மல்லிகை நாற்றுக் கட்டையும் ஏற்ற முடியாது, மீன் பெட்டியையும் ஏற்ற முடியாது, தங்கச்சியையும் ஏற்ற முடியாது.

இப்போது ஒரு கேள்வி

அகலமான மட்கார்டு, செயின் கவர், கேரியர், ஷாக் இல்லாத ஃபோர்க், ஒற்றை கியர். இப்படி ஒரு சைக்கிளை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதா? பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கிற இலவச சைக்கிள்தான்! "கவர்மெண்ட் வண்டி" என்று கிண்டல் செய்யப்படுகிற, சிலர் கிடைத்த கையோடு விற்றுவிடுகிற அதே சைக்கிள். அதில் குறையே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அதன் கம்பியையும் கேபிளையும் ஸ்டெயின்லெஸ்ஸாக மாற்றி, டயரை பிரேம் இடம் கொடுக்கிற அளவுக்கு அகலமாக்கி, பால்ஸைக் கழுவி நல்ல கிரீஸ் அடைத்தால், கடையில் பளபளக்கிற மலை சைக்கிளைவிட இந்தத் தீவுக்கு அது பொருத்தமான வண்டி. செலவு? மலை சைக்கிள் விலையில் ஒரு சின்னப் பங்கு.

"ஒருநாள் கொடைக்கானல் போவேன், அப்போது?" என்று கேட்பவர்கள் உண்டு. போகட்டும். அன்றைக்கு முன் பல்சக்கரத்தை மாற்றிக்கொள்ளலாம். ஒருநாள் போகப்போகிற மலைக்காக வருடம் 365 நாளும் உப்பில் தோற்கிற வண்டியை ஓட்டுவது என்ன கணக்கு?

தீவுக்கு வருகிற ரயிலையே பாருங்கள். 1914ல் திறந்த பழைய பாம்பன் பாலத்தின் தூக்குப் பகுதியை உப்பு தின்றதால் 2022 டிசம்பரில் அதில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதுப் பாலத்தில் கான்கிரீட்டுக்குள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி, மேலே அரிப்பைத் தாங்குகிற பாலிசிலாக்சேன் பூச்சு. இமயமலையில் பாலம் எப்படிக் கட்டுகிறார்கள் என்று பார்த்து யாரும் அதைக் கட்டவில்லை. இந்தக் கடல் என்ன செய்யும் என்று பார்த்துக் கட்டினார்கள்.

அந்தப் பாலத்துக்கு உள்ள புத்தி அதன் பக்கத்துப் பாலத்தில் ஓடுகிற சைக்கிளுக்கும் இருக்கலாம். வாரம் ஒருமுறை ஒரு வாளி நல்ல தண்ணீர், ஒரு பழைய துணி, நாலு சொட்டு எண்ணெய். அதோடு, கடைக்குப் போகும்போது "எத்தனை கியர்?" என்பதற்கு முன்னால் "கம்பி என்ன கம்பி?" என்று ஒரு கேள்வி!