முருகன் படம்தானேன்னு சொன்னோம், அது எங்க தப்பு



தைப்பூசத்துக்குக் கோவில் வாசல்ல நாங்க கட்டின பெரிய பேனர் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். காவடி தூக்கினவர் கண்ணை மூடி நிக்கிறார், பின்னால விடியற்காலை வெளிச்சம். நிறைய பேர் அது முன்னால நின்னு செல்பி எடுத்தீங்க. படத்தை எடுத்தது யாருன்னு ஒருத்தரும் கேட்கல. கேட்கவும் வழியில்ல. மூலையில சின்னதா இருந்த பேரை வெட்டிட்டுத்தான் நாங்க பிரிண்ட் அடிக்கக் கொடுத்தோம்.

எடுத்தவர் சின்ன வயசுல இருந்து நம்ம கோவிலுக்கு வர்ற தம்பி. தன்னோட பேஸ்புக்ல போட்டிருந்த படம் அது. பேனரைப் பார்த்துட்டு, "அண்ணே, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே"ன்னார். நாங்க சிரிச்சுக்கிட்டே, "முருகன் படம்தானே தம்பி, இதுல என்ன உன்னுது என்னுது"ன்னோம். தம்பி ஒண்ணும் பேசல. பங்குனி உத்திரத்துக்கு அவர் கேமராவோட வரல.

முருகன் எல்லாருக்கும் பொது. படம் அப்படி இல்ல. நம்ம மலேசியாவுல 1987-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் இருக்கு. படத்தை எடுத்தவர்தான் அதுக்கு முதல் சொந்தக்காரர். நாம ஆர்டர் கொடுத்து எடுக்கச் சொன்னா உரிமை நமக்கு வரும். அதுவும் வேற மாதிரி ஒப்பந்தம் போடாம இருந்தால்தான். தம்பிக்கு நாங்க ஆர்டரும் கொடுக்கல, ஐந்து காசும் கொடுக்கல. அப்புறம் எப்படி அது கோவில் படம் ஆகும்? கோவில் காரியம்னா கேட்காம எடுக்கலாம்னு நினைச்சது எங்க ஆணவம். நாம ராத்திரி ஷிப்ட் செஞ்ச வேலைக்கு அடுத்தவன் பேர் போட்டுக்கிட்டா சும்மா இருப்போமா?

இதுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. நம்ம மண்டபத்துல மகள் கல்யாணத்தை நடத்தின ஓர் அம்மா. அடுத்த வருஷமே கணவர் தவறிட்டார். அவர் தாலியைத் தொட்டு ஆசீர்வாதம் பண்ற படத்தைப் பெருசாக்கி வீட்டுல மாட்டணும்னு ஆசைப்பட்டாங்க. ஸ்டூடியோவுல, "எங்ககிட்டதான் பிரிண்ட் போடணும், சாப்ட் காப்பி பேக்கேஜ்ல இல்ல"ன்னுட்டாங்க. ஆல்பத்தைத் தூக்கிக்கிட்டு வேற கடைக்குப் போனா, ஸ்டூடியோ முத்திரையைப் பார்த்துட்டு அவங்களும் மாட்டேன்னுட்டாங்க. கையெழுத்துப் போட்ட தாளை அந்த அம்மா அன்னைக்குப் படிக்கல. நம்மில் யார்தான் படிக்கிறோம்?

படம் எடுக்கிறவர் உழைப்புக்குக் கூலி வேணும், அதுல ரெண்டு கருத்து இல்ல. ஆனா காசு கொடுத்த குடும்பம் சொந்த அப்பா படத்துக்காக அலையக் கூடாது. அதனால முன்பணம் கட்டறதுக்கு முன்னாடியே இதையெல்லாம் கேளுங்க. உரிமை யாருக்கு? சாப்ட் காப்பி தருவாங்களா? வேற கடையில பிரிண்ட் போடலாமா? எத்தனை வருஷம் பத்திரமா வச்சிருப்பாங்க? நம்ம பெண் பிள்ளைங்க படத்தை விளம்பரத்துக்குப் போடுவாங்களா? பதிலை எழுதி வாங்குங்க, வாட்ஸ்அப்ல இருந்தாலும் சரி.

சிங்கப்பூர்ல கல்யாணம் வைக்கிறவங்க இன்னும் கவனமா இருங்க. அங்க 2021 நவம்பர் 21-ல இருந்து புதுச் சட்டம். நாம ஆர்டர் கொடுத்து எடுத்த படமா இருந்தாலும், ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதாட்டி உரிமை எடுத்தவருக்குத்தான். பொதுவுல போடும்போது அவர் பேரையும் போடணும்.

இனிமே நம்ம கோவில் பேனர், மலர், பேஸ்புக் எதுக்கும் கேட்காம படம் எடுக்க மாட்டோம். எடுத்தவர் பேரையும் போடுவோம். உபயகாரர் பேரைக் கல்வெட்டுல பொறிக்கிற நமக்கு இது பெரிய வேலை இல்ல.

தம்பி, இதைப் படிச்சா மன்னிச்சிடு. நேர்லயும் வந்து கேட்கிறோம். ஆடிக் கிருத்திகைக்குக் கேமராவோட வா.

முருகனுக்கு அரோகரா!
ஆலயத் தொண்டர்கள்